சுருட்டில் எது உசத்தி? உறையூர்க்காரி சொல்கிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் நடந்த சுருட்டுச் சண்டையைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துபாயில் இருக்கும் நம் பிள்ளை ஒருவன், 1993இல் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன், மூன்று சுருட்டுகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் போட்டான். ஒன்று கியூபா, ஒன்று நிகராகுவா, ஒன்று டொமினிகன் குடியரசு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வேறு. கியூபாவுக்கு ஒன்பதரை. உடனே பெங்களூரில் இருப்பவன், "கியூபா எல்லாம் பேருக்குத்தான், இப்போ நிகராகுவாதான் டாப்பு" என்றான். இன்னொருவன், "ரெண்டுமே பிரீமியம்டா. பிரீமியத்துல கெமிக்கல் கிடையாது, புகையை உள்ள இழுக்கவும் மாட்டோம், அதனால ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். கடைசியாக ஒருத்தி வந்து, "டேய், டீச்சர் இருக்காங்க, இங்க போடாதீங்கடா" என்று அதட்டினாள். அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூடியிருக்க வேண்டாம். இந்தப் பாடத்தில் டீச்சருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் சுருட்டு பிடித்தவள் இல்லை. ஆனால் பிறந்து வளர்ந்தது திருச்சி உறையூர். அப்பா சுருட்டுச் சுற்றியவர். உறவுகளுக்கு இது தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வீட்டுப்பாடத்துக்கு முன்னால் இன்னொரு பாடம் இருக்கும். நனைத்து வைத்த புகையிலையை மடியில் விரித்து, நடு நரம்பைக் கிழிக்காமல் உரித்தெடுக்க வேண்டும். உரித்ததும் இலை இரண்டு பாதியாகும். இடது பாதியைத் தனியாக, வலது பாதியைத் தனியாக அடுக்க வேண்டும். கலந்துவிட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். ஏனென்றால் மேலே சுற்றும்போது இடது பாதியை ஒரு பக்கமாகவும் வலது பாதியை எதிர்ப்பக்கமாகவும் சுற்றினால்தான் இலையின் சின்ன நரம்புகள் சுருட்டோடு ஒட்டிப் படுக்கும், சுருட்டும் வழுவழுவென்று இருக்கும். கியூபாவிலும் இதே கணக்குத்தான் என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பூமிக்கு அந்தப் பக்கமும் யாரோ ஒரு பெண் குழந்தை இதற்காகத் திட்டு வாங்கியிருப்பாள்.

அதனால் என் நாக்குக்குச் சுருட்டின் ருசி தெரியாவிட்டாலும் மூக்குக்குத் தெரியும். காய்ந்த இலை, நனைந்த இலை, புளித்த இலை, பாகு தெளித்த இலை எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன்.

ருசி என்றதும் அப்பாவிடம் சுருட்டு வாங்க வந்தவர்கள்தான் என் நினைவில் வரிசையாக வருகிறார்கள். ஏட்டையா ஒருவர். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி காரமாக இருக்க வேண்டும், பருமனாக இருக்க வேண்டும். "இழுத்தா தலையில அடிக்கணும்யா" என்பார். நாகஸ்வரம் வாசிக்கிறவர் ஒருவர், மெல்லிசாக, நீளமாக, காரமே இல்லாமல் கேட்பார். வாசிக்கப் போகிற நாளில் தொடவே மாட்டார். காய்கறிக் கூடைக்காரக் கிழவி ஒருத்தி வருவாள். அவளுக்கு விரல் நீளம்தான். காலையில் பாதி, சாயங்காலம் மீதிப் பாதி. இடையில் அது அவள் காதுமடலில் செருகியிருக்கும். யாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்ததில்லை.

அப்பா யாரிடமும் "இதுதான் ஒசத்தி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" வெறும் வயிற்றில் பிடிக்கிறவனுக்குக் காரமான இலை ஆகாது, தலை சுற்றும். சாப்பிட்டு வெற்றிலை போட்டவனுக்கு லேசான இலை ருசிக்கவே ருசிக்காது. அதைத் தெரிந்துகொண்டுதான் எடுத்துக் கொடுப்பார். மதிப்பெண் போடுகிற வேலை அவரிடம் இல்லை. வாங்குகிறவரின் வாய்க்கு ஏற்றதைக் கொடுப்பதுதான் தொழில்.

இப்போது நம் பிள்ளைகள் பேசுகிற 'பிரீமியம்' விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கியூபாக்காரர்களின் வேலை நம் வேலையைவிட நுணுக்கமானது. உறையூர்க்காரி சொல்கிறேன், ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர்கள் சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே திணிப்பு இலை, அதைப் பிடித்து வைக்கக் கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தும் மேலிலை. திணிப்பு இலையிலும் வகை உண்டு. செடியின் அடிப்பகுதி இலை நன்றாக எரியும், ருசி குறைவு. அதை வொலாடோ என்பார்கள். நடு இலை செக்கோ, வாசனை அதில். உச்சி இலை லிஹெரோ. வெயில் முழுவதையும் வாங்கிய இலை அது, காரம் அதிகம், மெதுவாக எரியும். அதனால் அதை நட்ட நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒரு பக்கமாக எரிந்து கோணிக்கொள்ளும். மேலிலைக்கான செடியைத் துணிப் பந்தல் போட்டு நிழலில் வளர்க்கிறார்கள். இலை மெல்லிசாக, பட்டு மாதிரி வரவேண்டும் என்பதற்காக. இதெல்லாம் பினார் தெல் ரியோ மாகாணத்தில் வுவெல்டா அபாஹோ என்ற பகுதியில் நடக்கிறது. பறித்த இலையைக் காயவைத்து, குவித்து, தன் சூட்டிலேயே புளிக்கவிட்டு, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் முதிரவைப்பார்கள். கோஹிபா என்கிற பேரைக் குழுவில் நாலு பேர் எழுதியிருந்தீர்கள். அதில் சில இலைகளை மூன்றாவது முறையும் புளிக்க வைக்கிறார்கள். நம் ஊரில் அத்தனை நாள் காத்திருக்கக் கையில் காசு யாருக்கு இருந்தது? இலை வந்த கடன் கழுத்தை நெரிக்கும். சுற்றினோம், கட்டினோம், விற்றோம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவர்கள் சுருட்டுக்கு ஒரு நுனி மூடியிருக்கும். பிடிக்கிறவர் வெட்டித்தான் பற்றவைக்க வேண்டும், அதற்கென்று தனிக் கத்தரி விற்கிறார்கள். நம் சுருட்டு இரண்டு பக்கமும் வெட்டிவிட்டது, திறந்தது. இந்த இரண்டு பக்கமும் திறந்த சுருட்டுக்குத்தான் ஆங்கிலத்தில் 'செரூட்' என்று பெயர். அந்தச் சொல்லே நம் 'சுருட்டு'தான். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவில் மக்கள் அதைச் சுருட்டிப் புகைப்பதைப் பார்த்தார்கள். போர்ச்சுகீசியர் அதை நம் பக்கம் கொண்டுவந்தார்கள். செடி அங்கிருந்து வந்தது, சொல் இங்கிருந்து போனது. நம் பிள்ளைகளுக்கு 'சிகார்' என்றால் கௌரவமாகவும் 'சுருட்டு' என்றால் கொஞ்சம் கூச்சமாகவும் இருப்பதைப் பார்க்கிறேன். லண்டன்காரனுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் வந்த 1887ஆம் வருடத்துக் கதையிலேயே, கீழே கிடந்த சாம்பலைப் பார்த்து, 'கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று கண்டுபிடிக்கிறார். நம் ஊர்ப் பெயர் அப்படியே வருகிறது. கொலைகாரன் கையில் வந்தாலும் பெருமை பெருமைதானே!

சர்ச்சில் நம் ஊர்ச் சுருட்டுதான் பிடித்தார் என்று உறையூரில் ஒவ்வொரு திண்ணையிலும் கேட்கலாம். என் அப்பாவும் சொல்வார். அவர் 1896இல் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தவர் என்பதும், அதற்கு முந்தின வருடமே கியூபாவுக்குப் போய் ஹவானா சுருட்டில் ஆசை வைத்தவர் என்பதும் வரலாறு. சுருட்டு அளவில் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 7 அங்குல நீளம், பருமன் 47.

இந்த 47 என்ன என்று குழுவில் ஒருத்தன் கேட்டான், யாரும் பதில் சொல்லவில்லை. கணக்கு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்தால் அதில் 47 பங்கு குறுக்களவு. 47ஐ 64ஆல் வகுத்து 25.4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 18.7 மில்லிமீட்டர். அவ்வளவுதான் ரகசியம். பின்னம் எதற்கு டீச்சர், வாழ்க்கையில் எங்கே உபயோகப்படும் என்று கேட்டவனும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான்.

கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1865லிருந்து அங்கே தொழிலாளிகள் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளத்தைத் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். மான்டெகிறிஸ்டோ என்ற சுருட்டுக்குப் பெயர் வந்தது, அப்படிப் படித்துக் கேட்ட அலெக்ஸாந்தர் தூமாவின் நாவலிலிருந்து. எழுதப் படிக்கத் தெரியாத கைகள் நாவல் கேட்டுக்கொண்டே சுற்றிய சுருட்டு! ஒரு வாத்தியாருக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி வேண்டுமா? எங்கள் கொட்டகையில் ரேடியோ இருந்தது. விவித்பாரதி. அதுவும் பரவாயில்லை.

சரி, ஒப்பிட்டுப் பார்த்த கதை. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த அந்தத் துபாய்ப் பிள்ளை, என் அண்ணனுக்கு ஒரு சின்ன மரப்பெட்டி கொண்டுவந்தான். அண்ணனுக்கு வயது 72, இன்னமும் நாளுக்கு ஒன்று பிடிக்கிறவர், எத்தனை சொல்லியும் கேட்காதவர். பெட்டிக்குள் கியூபாச் சுருட்டு மூன்று. அண்ணனிடம் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.

வாசனை அருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். தேவதாருப் பெட்டியின் மணம் முதலில். அதற்கு அடியில் காய்ந்த வைக்கோல், அதற்கும் அடியில் வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி ஏதோ ஒன்று. எங்கள் சுருட்டில் முதலில் வருவது கருப்பட்டி, அப்புறம் நனைந்த மண், அப்புறம் தும்மல். அண்ணன் மொட்டை மாடியில் உட்கார்ந்து பற்றவைத்தார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. சாம்பல் விரல்கடை அளவுக்கு உதிராமல் நின்றது. எரிகிற விளிம்பு வட்டம் போட்ட மாதிரி நேராக இறங்கியது. அப்பா இருந்திருந்தால் அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி மாமா இருக்கு? லெதர் தெரியுதா? காக்கோவா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அண்ணன் பாவம், எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான்தான் கேட்டேன், "ஏம்ப்பா, நீ எப்போ தோலை நக்கிப் பார்த்தே?" என்று. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. ருசிக்குப் பெயர் வைப்பது அவரவர் வளர்ந்த அடுக்களையிலிருந்து வர வேண்டும். வெள்ளைக்காரன் குதிரைச் சேணத்தோடும் தோல் நாற்காலியோடும் வளர்ந்தான், அவனுக்குப் புகையில் தோல் வாசனை தெரிகிறது. கொட்டைகளும் காக்கோவாவும் அவன் வீட்டுப் பண்டம். நம் பிள்ளைக்கு அதே புகையில் வறுத்த மல்லி தெரிந்திருக்கலாம், கருப்பட்டிக் காப்பி தெரிந்திருக்கலாம், கோயில் வாகன மண்டபத்துப் பழைய மரவாசனை தெரிந்திருக்கலாம். அவன் அதைச் சொல்லத் துணியவில்லை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தன் நாக்கில் தேடினான். கிடைக்காவிட்டால் தன் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறான். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன நஷ்டம்? காசு கொடுத்து வாங்கிய பொருளிடமே பயந்து நிற்பது!

அண்ணன் கடைசியில் சொன்னது இது: "நல்லா இருக்குப்பா. வாசம் பிரமாதம். கையெழுத்து மாதிரி சுத்தியிருக்கான். ஆனா காரம் பத்தல." அன்று சாயங்காலமே தன்னுடைய வழக்கமான சுருட்டைத் தேடிப் போனார். பெட்டியில் மீதி இரண்டு அப்படியே இருக்கின்றன. அந்த ஒரு சுருட்டின் விலையில் அவருக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே ஓடும். அவர் நாக்கு ஐம்பது வருடமாகத் திண்டுக்கல் இலையில் பழகியது. ஊசிக்கப்பல் என்று அந்தப் பக்கத்துப் புகையிலை ரகம் ஒன்று உண்டு, பெயரிலேயே குத்துகிறது பாருங்கள். அந்தக் குத்தல் இல்லாவிட்டால் அவருக்குச் சுருட்டு பிடித்த மாதிரியே இல்லை. கியூபா மட்டம் என்று அவர் சொல்லவில்லை. தனக்கு வேண்டியது அது இல்லை என்றார். அதுதான் ருசி தெரிந்தவன் பேச்சு.

கிடைக்காத பொருளுக்கு மதிப்புக் கூடுவதும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1962இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கியூபாவோடு வியாபாரமே கூடாது என்று தடை போட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, தனக்குப் பிடித்த பெட்டி உப்மன் சுருட்டு ஆயிரமாவது வாங்கி வரச் சொன்னார். மறுநாள் காலையில் 1,200 கிடைத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாராம். சாலிஞ்சரே பின்னாளில் சொன்னது. அதற்கப்புறம் அமெரிக்காவில் கியூபாச் சுருட்டு கள்ளப் பண்டமாகிவிட்டது, கள்ளப் பண்டம் ஆனதும் அமிர்தமாகிவிட்டது. கியூபாவை விட்டு வெளியேறிய தொழில்காரர்கள் டொமினிகன் குடியரசிலும் நிகராகுவாவிலும் ஹோண்டுராஸிலும் போய் அதே கைவேலையைச் செய்தார்கள். இன்று நம் பிள்ளைகள் சண்டை போடுகிற மூன்று நாடும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். கோஹிபாவும் அப்படித்தான். 1966இல் காஸ்ட்ரோவுக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கும் செய்தார்கள். கடையில் விற்பனைக்கு வந்தது 1982இல்தான். பதினாறு வருடம் காசு கொடுத்தாலும் கிடைக்காமல் இருந்த பண்டத்துக்கு எத்தனை மவுசு இருக்கும், நீங்களே யோசியுங்கள்.

ஆகவே துபாய்த் தம்பிக்கு ஒரு யோசனை. அடுத்த முறை மூன்று சுருட்டின் பட்டையையும் கழற்றிவிடு. உன் மனைவியிடம் கொடுத்துக் கலைத்து வைக்கச் சொல். அப்புறம் மதிப்பெண் போடு. நான் பரீட்சைத் தாளில் பெயரை மறைத்து வைத்துத் திருத்துவேன், ஞாபகம் இருக்கிறதா? முதல் பெஞ்சுப் பிள்ளைக்கு நம்மையறியாமல் இரண்டு மார்க்குக் கூடப் போய்விடும் என்பதற்காகத்தான். ஒன்பதரை நிற்கிறதா பார்ப்போம்.

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். இனி அப்படி எழுத முடியாது.

"பிரீமியத்துல கெமிக்கல் கிடையாது, உள்ள இழுக்க மாட்டோம்" என்று எழுதினவனே, உனக்குத்தான் இது. என் பெரியப்பாவை நீ பார்த்ததில்லை. அப்பாவின் அண்ணன். உறையூரில் இலை பார்த்து வாங்குவதில் அவரைப்போல ஆள் கிடையாது என்பார்கள். கொட்டகைக்கு வருகிற இலையில் முதல்தரமானதைத் தனக்கென்று எடுத்துவைப்பார். தானே பதம் பார்த்து, தானே சுற்றி, தான் மட்டும் பிடிப்பார். பாகுகூடத் தெளிக்க மாட்டார். இலையும் தண்ணீரும்தான். புகையை ஒருநாளும் நெஞ்சுக்குள் இழுத்ததில்லை. வாயில் வைத்துச் சுழற்றி மெல்ல விடுவார். நீ சொல்கிற பிரீமியம் அதுதான். அதைவிடப் பிரீமியம் ஹவானாவிலும் இல்லை.

அவருக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. பல் உரசுகிறது என்று நினைத்தார். பிறகு புண்ணானது. பிறகு வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. 1978இல், நான் ஆசிரியப் பயிற்சியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறையில் வந்து கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கரண்டியால் ஊட்டியவள் நான். கடைசி மாதம் அதுவும் இறங்கவில்லை. வாசனை பார்த்தே இலையின் ஊரைச் சொன்ன மனிதரின் அறைக்குள் வாசனைக்குப் பயந்து யாரும் போகவில்லை. இதற்குமேல் எழுத வேண்டாம். உறவுகளில் அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

உள்ளே இழுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது ஏன் தவறு என்று அறிவியல் பாடமாகவே சொல்கிறேன். சுருட்டுப் புகைக்குச் சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை அதிகம். மிளகாய்க் காரம் இல்லை, எலுமிச்சைக்கு எதிர்ப்பக்கமாகச் சோப்பு நிற்கிறதே, அந்தக் காரம். அப்படிப்பட்ட புகையில் உள்ள நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். நுரையீரல் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை. ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை ஒரே சுருட்டில் இருக்கலாம் என்று அர்த்தம். இழுக்காமல் விட்டாலும் வாய், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் அந்தப் புகையில் ஊறிக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்னும் கேள். கெமிக்கல் கிடையாது என்கிறாயே, அந்தப் புளிக்கவைத்தல் இருக்கிறதே, எதனால் வாசனையும் மென்மையும் விலையும் கூடுகிறதோ அதே வேலை, அப்போதுதான் நைட்ரோசமைன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் இலையில் நிறைய உருவாகின்றன. யாரும் வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை. ருசியைச் செய்கிற கையே அதையும் செய்கிறது. இதைப் படித்த அன்று எனக்குப் பெரியப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பெரிய மனிதர்களுக்கும் இதில் சலுகை கிடைக்கவில்லை. மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃபிராய்டு நாளுக்கு இருபது சுருட்டுவரை பிடித்தவர். 1923இல் வாயில் புற்று. 1939இல் இறக்கும்வரை முப்பதுக்கும் மேல் அறுவை சிகிச்சை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862இல் டொனல்சன் கோட்டையைப் பிடித்த கிராண்ட், கையில் சுருட்டோடு நின்றார் என்று பத்திரிகைகளில் வந்ததும், நாட்டு மக்கள் அன்போடு ஆயிரக்கணக்கில் சுருட்டு அனுப்பிவைத்தார்கள். எல்லாம் நல்ல சரக்கு. பிற்பாடு ஜனாதிபதியாகவும் ஆனார். 1885இல் தொண்டைப் புற்றில் போனார். கோஹிபா யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த காஸ்ட்ரோவே 1985இல் சுருட்டை விட்டுவிட்டார், நாட்டின் சுகாதாரப் பிரசாரத்துக்கு முன்மாதிரியாக.

சர்ச்சில் தொண்ணூறு வயது வாழ்ந்தாரே என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். என் அப்பாவும் 81 வரை இருந்தார். ஒரே கொட்டகை, ஒரே இலை, அண்ணன் தம்பி. ஒருவருக்கு வந்தது, ஒருவருக்கு வரவில்லை. ரோட்டைப் பார்க்காமல் கடந்து உயிரோடு இருப்பவனும் உண்டு. அவனைக் காட்டிப் பிள்ளைகளுக்கு ரோடு கடக்கச் சொல்லித்தர முடியுமா?

எனக்குக் கோபம் சுருட்டின் மேல் இல்லை. அந்தக் காசில்தான் நான் ஆசிரியப் பயிற்சி படித்தேன். சுருட்டுச் சுற்றுகிற கையை மட்டமாகப் பேச என்னால் ஆகாது. பிடிக்கிறவர்களையும் திட்டப்போவதில்லை, நாற்பது தாண்டிய மனிதர்களை முட்டிபோட வைக்க முடியுமா? கோபம் அந்த 'பிரீமியம்' என்ற ஒரு சொல்லின் மேல். உன் நாக்கு சொல்வதை நம்பாதே, அட்டை சொல்வதை நம்பு என்று அது ஒரு பக்கம் மிரட்டுகிறது. உன் வாயைப் பற்றிப் பயப்படாதே, விலையைப் பார் என்று இன்னொரு பக்கம் தட்டிக்கொடுக்கிறது. நம்ப வேண்டியதை நம்பவிடாமல், பயப்பட வேண்டியதற்குப் பயப்படவிடாமல் செய்கிற சொல் அது. சுருட்டைச் சுருட்டு என்றே சொல்லுங்கள். பிடிக்கிறவன் அது என்னவென்று தெரிந்து பிடிக்கட்டும்.

பிடிக்கிற பிள்ளைகள் எல்லோரும் இந்த ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கியதும் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்குக்கு அடியில், ஓரங்களில், அண்ணத்தில். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், வாய் முன்போல அகலமாகத் திறக்காவிட்டால், பல் டாக்டரிடமாவது போய்க் காட்டுங்கள். பெரியப்பா அந்த முதல் மாதத்திலேயே காட்டியிருந்தால் என்று என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், துணைக்கு நான் வருகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு நேரிலேயே வருவேன். அண்ணனைப் போன மாதம் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்தத் தைரியத்தில் வெளியே வந்து ஒன்று பற்றவைக்கப் பார்த்தார், தீப்பெட்டியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

துபாய்த் தம்பி, நீ அன்போடு கொண்டுவந்ததுதான், குறையாக எடுத்துக்கொள்ளாதே. அடுத்த முறை வரும்போது சுருட்டுப் பெட்டி வேண்டாம். மாமாவுக்குப் பேரீச்சம்பழம் கொண்டு வா, பல் இருக்கும் வரைக்கும் தின்னட்டும். எனக்கு வழக்கம்போல கோடாலித் தைலம். முழங்கால் வலி குறைந்தபாடில்லை.